பாக்சிங் டே டெஸ்டுக்கு மெல்பர்ன் வருகிறீர்களா? சாப்பாட்டுக்கு முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து நான்கு நண்பர்கள் டிசம்பர் 25 காலையில் மெல்பர்னில் இறங்குகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் பாக்சிங் டே கிரிக்கெட் டெஸ்டின் முதல் மூன்று நாள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு 29 இரவு திரும்புகிறார்கள். இருவர் சைவம். ஒருவர் மாட்டிறைச்சி மட்டும் தொடமாட்டார். நான்காமவருக்கு எல்லாம் சரி, பீரும் பிடிக்கும். நகருக்குள் தங்கல், கையில் வண்டி கிடையாது. எங்கே சாப்பிடுவது, என்ன குடிப்பது?

எங்கே என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் எப்போது என்பதைச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் பட்டினி கிடந்த விருந்தாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட இடம் தெரியாமல் பட்டினி கிடக்கவில்லை. நேரம் தவறியதால்தான் கிடந்தார்கள்.

டிசம்பரில் மெல்பர்ன் இந்தியாவைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால்தான் இங்கே காலை 10.30க்கு முதல் பந்து விழும்போது நீங்கள் ஊரில் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து டிவி முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். வந்து இறங்கிய பிறகும் உங்கள் வயிறு அந்த ஊர் நேரத்தில்தான் இருக்கும். இங்கே மதிய உணவு இடைவேளை 12.30க்கு. உங்கள் வயிற்றுக்கு அப்போது காலை 7 மணி, ஒன்றும் இறங்காது. இங்கே பெரும்பாலான உணவகங்களில் இரவு 9, 9.30க்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். உங்கள் வயிற்றுக்கு அது மாலை 3.30, பசியே வந்திருக்காது. ஊரில் நீங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் 8 மணி, இங்கே நள்ளிரவு தாண்டி 1.30. சரியாக அந்த நேரத்தில்தான் கொலைப்பசி எடுக்கும், அப்போது தெருவில் பாதிக் கடை மூடியிருக்கும்.

இதோடு சூரியனும் சேர்ந்து ஏமாற்றும். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு 8.45 ஆகிவிடும். ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் நல்ல வெயில் அடிக்கும். ஆற்றங்கரையில் கொஞ்சம் நடப்போம், படம் எடுப்போம், அறைக்குப் போய்க் குளித்துவிட்டு வருவோம் என்று தோன்றும். நான் இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். இருட்டத் தொடங்கியதும் சாப்பிடப் போனால், ஒரு கடையில் நாற்காலியைக் கவிழ்த்து மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கடையில், "பார் திறந்திருக்கிறது, கிச்சன் மூடியாச்சு" என்றார்கள். அன்று இரவு எனக்குக் கிடைத்தது பெட்டிக்கடை போன்ற ஒரு 24 மணி நேரக் கடையின் குளிர்ந்த சாண்ட்விச். ஆகவே வெளிச்சத்தை நம்பாதீர்கள். ஆட்டம் முடிந்ததும், 6.30, 7 மணிக்குள் மேசையில் உட்கார்ந்துவிடுங்கள். பசியில்லாவிட்டாலும் சரி.

இன்னொன்று, தேதி. டிசம்பர் 25 அன்று நகரம் ஏறக்குறைய மூடிக்கிடக்கும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் இரண்டும், கோல்ஸும் வுல்வொர்த்ஸும், அன்று திறக்காது. பெரிய ஹோட்டல்களில் கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும், ஆனால் அது பல வாரத்துக்கு முன்னாலேயே பதிவாகி முடிந்திருக்கும். உங்களைக் காப்பாற்றப் போவது சைனாடவுன். லிட்டில் போர்க் தெருவில், நகரின் நடுவிலேயே இருக்கிறது. 1850களில் தங்கம் தேடி வந்த சீனர்கள் போட்ட தெரு, அன்றிலிருந்து இன்றுவரை சீனர்கள் விடாமல் வாழ்ந்துவரும் இடம். கிறிஸ்துமஸ் அன்றும் அங்கே சில கடைகள் திறந்திருக்கும், அவற்றில் சில பின்னிரவு வரை ஓடும். விமானத்தில் தூங்காமல் வந்தவர்களுக்குச் சூடான நூடுல்ஸ் சூப்பும் டம்ப்ளிங்கும் நல்ல ஆரம்பம். சைவர்கள் முட்டைக்கோஸ், காளான் வைத்த டம்ப்ளிங் கேளுங்கள், முட்டை உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று பொதுப் போக்குவரத்து முழுவதும் இலவசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற நாள்களில் நகர மையத்துக்குள் மட்டும் டிராம் இலவசம். மைதானம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது, அங்கே டிராமில் போவதானால் மைக்கி என்ற பயண அட்டை வேண்டும்.

26ஆம் தேதி அரசு விடுமுறை. விடுமுறை நாளில் உணவகங்கள் பில்லோடு கூடுதல் கட்டணம் போடும், 15 சதவீதம் என்பது வழக்கமான அளவு. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பல இடங்களில் 10 சதவீதம் உண்டு. வார இறுதி, விடுமுறை நாள்களில் ஊழியர்களுக்குச் சட்டப்படி கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டும், அதனால் வருவது இது. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். 26 சனி, ஞாயிறில் விழுந்தால் அதற்கு மாற்று விடுமுறையும் வரும், அன்றும் இதே கதைதான். டிப்ஸ் கட்டாயமில்லை, யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

இனி மைதானம். எம்.சி.ஜி.யில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். 2024இல் இந்தியா ஆடிய பாக்சிங் டே டெஸ்டுக்கு முதல் நாள் மட்டும் 87,242 பேர் வந்தார்கள். ஐந்து நாளும் சேர்த்து 3,73,691 பேர், அந்த மைதானத்தில் டெஸ்டுக்கு வந்த அதிகபட்சக் கூட்டம் அது. மதிய இடைவேளை 40 நிமிடம், தேநீர் இடைவேளை 20 நிமிடம். எண்பதாயிரம் பேரும் அந்த 40 நிமிடத்தில்தான் எழுந்து வருவார்கள். வரிசையில் நின்று கையில் தட்டு வரும்போது அம்பயர்கள் உள்ளே நடந்துகொண்டிருப்பார்கள். 12.10க்கு ஒருவர் எழுந்து போய் நான்கு பேருக்கும் வாங்கி வந்துவிடுங்கள். நாலைந்து ஓவர் போகும், பரவாயில்லை. இடைவேளையைச் சாப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், நிற்பதற்கு அல்ல.

முதல் நாள் மைதானத்துச் சாப்பாட்டையே சாப்பிடச் சொல்வேன். சூப்பர் மார்க்கெட் முந்தின நாள் மூடியிருந்ததால் கட்டி எடுத்துப்போகவும் வழி இருக்காது, அந்த மைதானத்தில் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதில் ஒரு சுகமும் இருக்கிறது. இங்கே அதற்கென்று இருப்பது "பை" என்ற பண்டம். உள்ளங்கை அளவு மாவுக் கூட்டுக்குள் கொழகொழவென்ற இறைச்சிக் குழம்பு, மேலே தக்காளி சாஸ். ஃபோர் அண்ட் ட்வென்டி என்பதுதான் பெயர் பெற்ற பை, 1940களில் பெண்டிகோ ஊரில் தொடங்கியது. உள்ளே இருக்கும் குழம்பு நாக்கைச் சுட்டுவிடும். ஓரத்தில் சின்னதாகக் கடித்து ஆவியை விட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். உங்கள் மாட்டிறைச்சி தொடாத நண்பருக்கு இதை முன்னாலேயே சொல்லிவையுங்கள்: இங்கே "மீட் பை" என்றால் மாடுதான். பெயரில் மாடு என்று இருக்காது, கேட்காமல் வாங்கினால் மாட்டிக்கொள்வார். சாஸேஜ் ரோலும் அப்படியே, உள்ளே என்ன இறைச்சி என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சைவர்களுக்கு மைதானத்தில் எப்போதும் கிடைப்பது உருளைக்கிழங்கு சிப்ஸ், விரல் தடிமனில் சூடாக வரும். அதன்மேல் "சிக்கன் சால்ட்" போடட்டுமா என்று கேட்பார்கள். பெயரைக் கேட்டுப் பதறிவிடுவீர்கள். அது கோழிக்குத் தூவுவதற்காக வந்த மசாலா உப்பு, பெரும்பாலான பிராண்டுகளில் கோழி கிடையாது. சந்தேகம் இருந்தால் வெறும் உப்புப் போதும் என்று சொல்லுங்கள். ஆனால் சிப்ஸ் பொரித்த எண்ணெயிலேயே மீனும் பொரித்திருக்கலாம், அது மனசுக்கு ஒவ்வாதவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் "வெஜிடேரியன்" என்றால் முட்டை இருக்கலாம். முட்டை வேண்டாதவர்கள் "வீகன்" என்று கேட்டால் குழப்பமே இல்லை, பாலும் போய்விடும் என்பது மட்டும்தான் நஷ்டம்.

இரண்டாவது, மூன்றாவது நாளுக்குத்தான் என் உண்மையான யோசனை. எம்.சி.ஜி.க்குள் வெளிச் சாப்பாட்டை எடுத்துப் போகலாம். பலருக்கு இது தெரியாது. நம் ஊர் மைதானங்களில் தண்ணீர் பாட்டிலைக்கூட வாசலில் பிடுங்கிவிடுவதால், இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து வெறும் கையோடு வருகிறார்கள். கண்ணாடி பாட்டில், தகர டப்பா, மது, பெரிய ஐஸ் பெட்டி இவைதான் கூடாது. பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பாடு, பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர், இருக்கைக்கு அடியில் அடங்கும் ஒரு துணிப்பை என்றால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நுழைவு விதிகளை ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தின் தளத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அப்படியானால் என்ன எடுத்துப் போவது? சைவர்களுக்குத் தயிர்சாதத்தை அடிக்க எதுவும் இல்லை. சமையல் மேடை உள்ள அறையாகப் பார்த்து எடுங்கள், ஒரு மைக்ரோவேவ் இருந்தாலே போதும். சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டில் வேகவைத்த சோறு விற்கிறது, ஒன்றரை நிமிடம் சூடு காட்டினால் தயார். தயிர் இங்கே கிரீக் யோகர்ட் என்ற பெயரில் கெட்டியாக இருக்கும். கொஞ்சம் தாராளமாகப் பால் ஊற்றிப் பிசைந்தால்தான் மதியத்துக்குள் இறுகாமல் இருக்கும். சோறு நன்றாக ஆறியபின் தயிர் சேருங்கள். உணவைப் பாதுகாப்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு எளிய கணக்கு சொல்வார்கள்: கெடக்கூடிய உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இரண்டு மணி நேரம் வரை இருந்தால் மறுபடி குளிர்பெட்டியில் வைக்கலாம், இரண்டிலிருந்து நான்கு மணி நேரமானால் உடனே சாப்பிட வேண்டும், நான்கைத் தாண்டினால் கொட்ட வேண்டும். காலை 9 மணிக்குக் கட்டினால் 12.30க்கு மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். நூலிழைதான். அதனால் முந்தின இரவே ஒரு தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, காலையில் அதை டப்பாவோடு ஒட்டிவைத்துக் கட்டுங்கள். சாதமும் குளிர்ந்திருக்கும், மதியத்துக்குள் பாட்டிலில் குளிர்ந்த தண்ணீரும் கிடைக்கும்.

அசைவக்காரர்களுக்கு பான்மி. வியட்நாம்காரர்களின் பேக்கரிகளில் காலையிலேயே கிடைக்கும் மொறுமொறு ரொட்டி. உள்ளே கோழியோ பன்றியோ, கேரட், முள்ளங்கி ஊறுகாய், கொத்தமல்லித்தழை, பச்சை மிளகாய். டோஃபு வைத்தும் தருவார்கள். மிளகாய் வேண்டுமா என்று கேட்கும்போது தலையாட்டிவிடுங்கள், நம் நாக்குக்கு அதுதான் உயிர். மைதானத்தில் வாங்கும் எதைவிடவும் இது மலிவு, வயிறும் நிறையும்.

ஊறுகாய் ஊரிலிருந்தே கொண்டு வரலாமே என்று கேட்பீர்கள். இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். விமானத்தில் தரும் பயணி அட்டையில், உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதுங்கள். ஒரு சின்னப் பாக்கெட் முறுக்கு இருந்தாலும் ஆம்தான். அறிவித்துவிட்டால் அதிகபட்சம் அந்தப் பொருளை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்து மாட்டினால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம், விசா ரத்தாகும் வாய்ப்பும் உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, பழம், முளைக்கக்கூடிய விதை எதுவும் வேண்டாம். பால்கோவா, பேடா, பர்பி போன்ற பால் இனிப்புகளும் இந்தியாவிலிருந்து அனுமதி இல்லை, கோமாரி நோய் இங்கே வந்துவிடக் கூடாது என்பதால். அம்மா ஆசையாகக் கட்டித் தருவார், மறுக்க மனசு வராது. ஆனால் அது விமான நிலையக் குப்பைத்தொட்டியில் விழுவதைப் பார்ப்பது அதைவிடக் கஷ்டம். கடையில் சீல் போட்ட ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் எடுத்துவந்து அறிவியுங்கள். இல்லையென்றால் இங்கேயே இந்தியக் கடைகளில் எல்லாம் கிடைக்கிறது.

குடிப்பதில் முதல் இடம் தண்ணீருக்கு. மெல்பர்ன் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். மக்கள் நுழைய முடியாத காட்டுப்பகுதிகளிலிருந்து பெரும்பங்கு வருகிறது, உலகில் சில நகரங்களுக்கே அந்தக் கொடுப்பினை. பாட்டில் தண்ணீருக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். மது விற்கும் எந்த இடத்திலும் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்று விக்டோரியா மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. "டேப் வாட்டர்" என்று கேளுங்கள், முகம் சுளிக்காமல் தருவார்கள். சென்னை வெயிலைப் பார்த்த எங்களுக்கு இது என்ன என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இங்கே காற்று வறண்டது, வியர்வை தெரியாது, ஆனால் வெயிலில் தோலை எரிக்கும் புற ஊதாக் கதிர் டிசம்பரில் மிகக் கடுமை. ஒரு நாள் 40 டிகிரியைத் தொடும், மறுநாள் ஸ்வெட்டர் கேட்கும். ஒரு அமர்வுக்கு ஒரு பாட்டில் என்று கணக்கு வைத்துக்கொண்டு இடைவேளைதோறும் நிரப்புங்கள்.

அப்புறம் காபி. இதைப் பற்றி ஆசை தீர எழுதலாம். இத்தாலியர்களும் கிரேக்கர்களும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூட்டமாக இங்கே குடியேறினார்கள், எஸ்பிரெசோ அவர்களோடு வேரூன்றியது. போர்க் தெருவில் 1954இல் தொடங்கிய பெலெக்ரினிஸ் என்ற காபிக்கடை இன்னும் அதே நீண்ட மேசையோடு இருக்கிறது. 2008இல் ஸ்டார்பக்ஸ் ஆஸ்திரேலியாவில் இருந்த 84 கடைகளில் 61ஐ மூடியது என்றால், இந்த நாட்டுக்காரர்கள் தங்கள் தெருமுனைக் காபிக்கடையை எவ்வளவு நம்புகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். ஃபில்டர் காபி குடித்து வளர்ந்த நாக்குக்கு இங்கே சாதாரண லாட்டே பால் அதிகமாகத் தெரியும். "மேஜிக்" என்று கேளுங்கள். இந்த ஊரின் சொந்தச் சரக்கு: இரண்டு பங்கு கெட்டி ரிஸ்ட்ரெட்டோ, கோப்பையின் முக்கால் அளவுக்கு மட்டும் பால். திக்கான டிகாஷனில் பாலைக் குறைத்துக் கலந்தது போல் இருக்கும். சர்க்கரை தனியாக வரும், நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்துக்கு எதிரே டெக்ரேவ்ஸ் தெரு, அதை ஒட்டிய சந்துகள் எல்லாம் காபிக்கடைகள்தான். மதியம் 3, 4 மணிக்குள் பெரும்பாலானவை மூடிவிடும். மாலையில் ஆட்டம் முடிந்து வந்து காபி தேடினால் ஏமாற்றம்தான், காலையிலேயே குடித்துவிட்டு, ஆற்றங்கரைப் பூங்கா வழியாக வில்லியம் பராக் பாலத்தில் ஏறி மைதானத்துக்கு நடந்துவிடுங்கள். இருபது நிமிட நடை, வழி முழுக்கக் கிரிக்கெட் கூட்டம்.

பீர் பிரியருக்குச் சில வார்த்தை. இந்த மாநிலத்தில் "பாட்" என்றால் 285 மில்லி, "ஸ்கூனர்" 425, "பைண்ட்" 570. இங்கே ஒரு "ஸ்டாண்டர்ட் டிரிங்க்" என்பது 10 கிராம் ஆல்கஹால். வழக்கமான பீர் ஒரு பாட் ஏறக்குறைய ஒன்று, பைண்ட் இரண்டுக்கு மேல். நண்பர்களோடு பப்புக்குப் போனால் "ஷவுட்" என்று ஒரு வழக்கம் உண்டு: ஆளுக்கு ஒரு சுற்று வாங்கித்தர வேண்டும், தன் முறை வருவதற்கு முன் நழுவுவது அழகல்ல. நான்கு பேர் என்றால் நான்கு சுற்று. பைண்டில் தொடங்கினால் கணக்குப் போட்டுப் பாருங்கள். "பாட்" அளவிலேயே தொடங்குங்கள். குடிக்காதவர்களும் சுற்றில் சேரலாம், எலுமிச்சை கலந்த சோடா வாங்கிக்கொண்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மைதானத்தில் காலை 11 மணி வெயிலில் தொடங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். தேநீர் இடைவேளைக்குப் பிறகு நிழல் இறங்கும், அப்போது ஒரு மிட் ஸ்ட்ரெங்த், அதாவது 3.5 சதவீத பீர், ருசியாக இருக்கும். போதை தலைக்கேறியவருக்கு மது கொடுப்பது இங்கே விற்பவருக்கே குற்றம், அதனால் மறுத்தால் வாதாடாதீர்கள். மதுவே அனுமதிக்காத பகுதிகளும் மைதானத்தில் உண்டு, இருக்கை வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

இன்னொரு குழப்பம்: இங்கே பப்பின் பெயரில் பெரும்பாலும் "ஹோட்டல்" என்று இருக்கும். என் மாமா ஒருமுறை வந்திருந்தபோது, "பாருங்க மாப்ளே, எத்தனை ஹோட்டல்! டிபன் கிடைக்கும்" என்று சந்தோஷமாக உள்ளே நுழைந்துவிட்டார். டிபன் கிடைக்காது, ஆனால் சாப்பாடு உண்டு. "பார்மா" என்று கேட்டால் தட்டை மறைக்கும் அளவுக்குப் பொரித்த கோழி, மேலே தக்காளி சாஸும் சீஸும் வரும். சிலர் நடுவில் பன்றித் துண்டும் வைப்பார்கள், வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் ரிச்மண்டின் ஸ்வான் தெருவில் இப்படிப் பல பப்புகள் உண்டு. ஆட்ட நாளில் தோளோடு தோள் உரசும் கூட்டம்.

அந்தக் கூட்டத்தைத் தவிர்க்க ஒரு எளிய வழி சொல்கிறேன். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ரிச்மண்ட் நிலையத்துக்கோ நகருக்குள்ளோ ஓடுவார்கள். நீங்கள் மறுபக்கம் ஜோலிமாண்ட் நிலையத்தில் நகரைவிட்டு வெளியே போகும் ரயிலில் ஏறுங்கள். இரண்டாவது நிறுத்தம் நார்த் ரிச்மண்ட். இறங்கினால் விக்டோரியா தெரு, வரிசையாக வியட்நாம் சாப்பாட்டுக்கடைகள். 1975இல் போர் முடிந்த பிறகு அகதிகளாக வந்தவர்கள் எழுப்பிய தெரு. பெரிய கிண்ணத்தில் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் வரும். மாட்டு ரசம்தான் வழக்கம், அதனால் உங்கள் நண்பர் "ஃபோ கா" என்று கோழி ஃபோ கேட்கட்டும். சைவத்துக்கு வியட்நாமியச் சொல் "சாய்". அதைச் சொல்லியும், மீன் சாஸ் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். காய்கறிச் சாப்பாட்டிலும் மீன் சாஸ் ஊற்றுவது அவர்களுக்கு நமக்குப் பெருங்காயம் போல.

இனி, நான் மிகவும் விரும்பிச் சொல்லப்போகும் இடம். சைவர்கள் இருவரையும் ஒரு மாலை ஃபுட்ஸ்க்ரேக்கு அழைத்துப் போங்கள். நகர மையத்திலிருந்து ரயிலில் கால் மணி நேரத்துக்குள். அங்கே எத்தியோப்பிய உணவகங்கள் இருக்கின்றன. டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இன்ஜெராவைப் பெரிய தட்டில் விரித்து, அதன்மேல் பருப்பு, கடலைமாவுக் குழம்பு, கீரை, கோஸ், பீட்ரூட் என்று குவியல் குவியலாக வைப்பார்கள். கையால் பிய்த்து, தொட்டு, எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். நன்றாகப் புளித்த தோசையும் காரப் பருப்பும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெர்பெரே என்ற மிளகாய்ப் பொடி நம் சாம்பார்ப்பொடிக்குத் தூரத்து உறவு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி விரதம் இருப்பவர்கள், விரதத்தில் இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டையும் கிடையாது. அவர்களுடைய கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதற்கு முன் நவம்பர் கடைசியிலிருந்து நீளும் விரதக்காலம். ஆக, பாக்சிங் டே டெஸ்ட் நடக்கும் நாள்கள் எல்லாம் அவர்களுக்கு விரத நாள்கள். அவர்கள் சமையலறைக்குச் சைவம் என்பது விதிவிலக்கே அல்ல. "பெயாய்நெட்டு" என்று கேளுங்கள், விரதத் தட்டு முழுதாக வரும். யாரிடமும் இதில் என்ன இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டாம். வெளியூரில் ஒரு சைவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சாப்பிட்டபின் காபி கேட்டால், கொட்டையை அங்கேயே வறுத்து, மண் குடுவையில் காய்ச்சி, மூன்று சுற்றாகத் தரும் இடங்களும் உண்டு. அவசரப்படாமல் உட்காருங்கள்.

மூன்றாம் நாளுக்குள் நம் சாப்பாட்டு ஏக்கம் வந்துவிடும், அதில் தவறொன்றும் இல்லை. ஷேன் வார்ன் 1998 இந்தியச் சுற்றுப்பயணத்தின்போது தன் ஊர் பேக்டு பீன்ஸ் டப்பாக்களை விமானத்தில் வரவழைத்துச் சாப்பிட்டார். நீங்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கு இன்று அவர் பெயர். உங்களுக்கு விமானம் தேவையில்லை. தென்கிழக்கே டாண்டனாங், ரயிலில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். ஃபாஸ்டர் தெருவை லிட்டில் இந்தியா என்றே அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வாழும் இலங்கைக்காரர்களில் பாதிப்பேர் இந்த மாநிலத்தில்தான், அதனால் டாண்டனாங், கிளேட்டன், கிளென் வேவர்லி பக்கமெல்லாம் இடியப்பம், சொதி, பால் அப்பம், கொத்து ரொட்டி கிடைக்கும். இட்லி, தோசைதான் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. ஆனால் இவ்வளவு தூரம் வந்தவர்கள் யாழ்ப்பாணத்துச் சொதியை ருசிக்காமல் போகக் கூடாது என்பது என் ஆசை.

நள்ளிரவு 1.30 பசிக்கு ஒரு ஏற்பாடு செய்துவிடுங்கள். அறையில் வாழைப்பழம், ரொட்டி, கொஞ்சம் தயிர் இருக்கட்டும். வெளியே போக மனமிருந்தால் லான்ஸ்டேல் தெருவில் 1978 முதல் இருக்கும் ஸ்டாலக்டைட்ஸ் என்ற கிரேக்கக் கடை பின்னிரவு வரை ஓடும். அசைவருக்குச் சவ்லாக்கி என்ற சுட்ட இறைச்சி, சைவருக்கு ஃபலாஃபல் சுருட்டிய பிட்டா.

கடைசியாக, நான்காம் நாளைப் பற்றி. உங்களுக்கு டிக்கெட் மூன்று நாளுக்குத்தான். ஆனால் 2025இல் நடந்த ஆஷஸ் டெஸ்ட் இதே மைதானத்தில் இரண்டே நாளில் முடிந்துவிட்டது. அப்படி நடந்தால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அறையில் கிடக்காதீர்கள். குயின் விக்டோரியா மார்க்கெட்டுக்குப் போங்கள். 1878 முதல் நடக்கும் சந்தை, இலவச டிராம் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. திங்களும் புதனும் விடுமுறை, கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்களில் நேரம் மாறும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கீரையும் சீஸும் அடைத்த போரெக் வாங்கிச் சாப்பிட்டபடி சுற்றுங்கள். 1950 முதல் ஒரு வண்டியிலிருந்து ஜாம் வைத்த டோனட் சுடச்சுடப் போட்டு விற்கிறார்கள். ஐந்து, ஆறாகப் பையில் தருவார்கள். சர்க்கரை மேலெல்லாம் ஒட்டும், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். பையோடு தெருவோரம் உட்கார்ந்து, உள்ளே ஜாம் ஆறும்வரை ஒரு நிமிடம் பொறுத்துவிட்டுக் கடியுங்கள்.